பாரவண்டியின் அச்சு எங்கே இருக்கவேண்டும்?

எனது சரகத்திலுள்ள சங்கம் ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன், அங்கத்தினருக்கு வாடகைக்கு விடும் டிராக்டருடன் சேர்த்து ஓட்டுவதற்கு இருசக்கர டிரெய்லர் ஒன்று வாங்கத் தீர்மானித்தது. மூன்று பட்டறைகளிலிருந்து விலைப்புள்ளிகள் வந்தன. மூன்றிலும் கொள்ளளவு 4 டன் என்றே கண்டிருந்தமையால், விலை குறைந்ததை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. தீர்மானம் விதிப்படியே இருந்தது. அதைப் பரிசீலித்து ஆட்சேபம் இல்லையெனக் குறித்த ஆய்வாளன் நான். வண்டியின் அச்சு எந்த இடத்தில் பொருத்தப்படும் என்பதைப் பற்றி விலைப்புள்ளியில் ஒரு சொல்லும் இல்லை. குழுவினரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அறுவடைக் காலத்தில் அவ்வண்டி நூறு மூட்டை நெல்லுடன் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்குப் புறப்பட்டது. ஏரிக்கரையின்மேல் ஏறும் சரிவில் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வெறுமனே சுழன்றன. வண்டி பின்னோக்கிச் சறுக்கிக் கரையோரம் சாய்ந்தது. மூட்டைகளின்மேல் அமர்ந்திருந்த அங்கத்தினர் ஒருவருக்குக் கால் முறிந்தது. சுமையின்மேல் ஆள் ஏறிச் செல்வதே தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டுநர் அவசரப்பட்டார் என்றே ஊரார் முதலில் பேசினர். பிறகு ஓர் அளவுநாடாவைக் கொண்டு வண்டியை அளந்தபோதுதான் குற்றம் ஓட்டுநருடையதன்று என்பது தெரிந்தது. அச்சு, பெட்டியின் நட்டநடுவில் இருந்தது.

நடுவில் வைத்தால் என்ன குற்றம், நடுநிலைதானே நல்லது என்று அன்பர்கள் கேட்கலாம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால் அவரையே கேளுங்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தில் அழுந்திப் புண்ணாக்கும். ஆகவே வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கும்போதே, நுகத்தின்மேல் சிறிதளவு பாரம் மட்டும் தங்கும்படி பார்த்துக்கொள்வார். மேடு ஏறும்போது தாமே முன்னால் நகர்ந்து ஏர்க்காலின் பக்கம் அமர்வார். இறக்கத்தில் பின்னால் நகர்வார். டிராக்டர் வந்தபின் மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இரும்புக் கொக்கி இருக்கிறது. மாடு தலையை ஆட்டித் தன் துன்பத்தைத் தெரிவித்தது, கொக்கி தெரிவிப்பதில்லை. வேற்றுமை அவ்வளவே.

அளவு மீறினால் மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். எவ்வளவு ஏற்றுவது என்பதைப் பற்றிய எச்சரிக்கை அது. நாம் இங்கே பார்க்கவேண்டியது, ஏற்றிய பாரம் எதன்மேல் எவ்வளவு நிற்கிறது என்பது.

இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நெசவாளர் இருவர் ஒரு நூல் மூட்டையைக் கழியில் மாட்டித் தோளில் சுமந்து செல்வதை எண்ணிப் பாருங்கள். மூட்டை நடுவில் தொங்கினால் இருவருக்கும் சமபாரம். ஒருவர் பக்கம் நகர்ந்தால் அவர் தோள் கனக்கும். மற்றவர் தோள் இலேசாகும். இருசக்கர டிரெய்லரில் கழியின் ஒரு தோள் டிராக்டரின் கொக்கி. மற்றொரு தோள் அச்சு. மொத்த எடையை, கொக்கியிலிருந்து பாரத்தின் மையம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, கொக்கியிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தால் வகுத்தால், அச்சின்மேல் நிற்கும் எடை கிடைக்கும். மிச்சம் கொக்கியின்மேல். கணக்கு இவ்வளவுதான்.

மேற்சொன்ன சங்கத்து வண்டியையே எடுத்துக்கொள்வோம். பெட்டியின் நீளம் 10 அடி. பெட்டிக்கு முன்னால் கொக்கி வரை 5 அடி. கொள்முதல் நிலைய மூட்டை ஒன்று 40 கிலோ. நூறு மூட்டை 4,000 கிலோ. வண்டியின் சொந்த எடை சுமார் 1,000 கிலோ. ஆக 5,000 கிலோ. மூட்டைகளைச் சமமாகப் பரப்பினால் பாரத்தின் மையம் பெட்டியின் நடுவில், அதாவது கொக்கியிலிருந்து 10 அடியில் அமையும். அச்சும் அதே 10 அடியில் இருந்தால் 5,000 கிலோவும் அச்சின்மேல், கொக்கியின்மேல் ஒன்றுமில்லை. பட்டறைக்காரர் அப்படி வைத்ததற்கு ஒரு காரணம் சொன்னார்: காலி வண்டியை ஒரே ஆள் தூக்கி டிராக்டரில் மாட்டிவிடலாமாம். உண்மைதான். ஆனால் வண்டி வாங்குவது மாட்டுவதற்காக அன்று, ஓட்டுவதற்காக.

சம்பவத்தன்று மூட்டைகள் சமமாகவும் பரப்பப்படவில்லை. இறக்குவதற்கு எளிதாக இருக்கட்டுமென்று, முன்னோரத்தில் நிற்கவேண்டிய பத்து மூட்டைகளைப் பின்னோரத்தில் மேலேற்றி அடுக்கியிருந்தார்கள். 400 கிலோ, 9 அடி தூரம் பின்னுக்குப் போயிற்று. 400-ஐ 9-ஆல் பெருக்கி, அச்சின் தூரமாகிய 10-ஆல் வகுத்தால் 360. அதாவது கொக்கி 360 கிலோ வலிமையுடன் டிராக்டரின் பின்பகுதியை மேலே தூக்கிக்கொண்டிருந்தது! கரையின் சரிவில் பாரத்தின் மையம் மேலும் பின்னுக்குச் சாயும். கொக்கிக்கு மூன்றடி உயரத்தில் பாரத்தின் மையம் இருந்து, பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவானால், மையம் 0.3 அடி பின்னுக்குப் போனதற்குச் சமம். அதனால் இன்னும் 150 கிலோ. ஆக 510 கிலோ. கொக்கி, டிராக்டரின் பின்னச்சுக்கு இரண்டரை அடி பின்னால் இருப்பதால் இதன் விளைவு இன்னும் பெருகும். சுமார் 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் பின்சக்கரங்களின்மேல் நிற்பது ஏறத்தாழ 1,200 கிலோ; அதில் 700 கிலோ போய்விட்டது. சக்கரம் சுழலாமல் என்ன செய்யும்?

இப்பொழுது அச்சை ஒன்றரை அடி பின்னால், அதாவது கொக்கியிலிருந்து 11½ அடியில் வைத்துக் கணக்கிடுவோம். சமமாகப் பரப்பிய சுமையில் அச்சின்மேல் சுமார் 4,350 கிலோ; கொக்கியின்மேல் 650 கிலோ. மொத்தத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று. அதே பத்து மூட்டைகளைத் தவறாகப் பின்னால் அடுக்கி, அதே கரையில் ஏற்றினாலும், கொக்கியின்மேல் ஏறத்தாழ 200 கிலோ கீழ்நோக்கிய பாரம் எஞ்சியிருக்கும். மனிதர் தவறு செய்வார்கள் என்பதை அறிந்து செய்த வண்டி இது. சாலையில் ஓடும் இருசக்கர டிரெய்லருக்கு, மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொக்கியின்மேல் நிற்பது நன்று என்று பொறியாளர் கொள்வதன் காரணமும் இதுவே. அதற்குக் குறைந்தால் வேகத்தில் வண்டியின் வால் பாம்புபோல் இருபுறமும் ஆடத்தொடங்கும் என்பது மற்றொரு காரணம்.

அப்படியானால் அச்சை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். மூன்றடி பின்னால், 13 அடியில் வைத்தால் கொக்கியின்மேல் 1,150 கிலோ ஏறும். அது டிராக்டரின் பின்பகுதியை அழுத்தி முன்பகுதியைத் தூக்கும். முன்சக்கரங்களின்மேல் நின்ற 800 கிலோவில் 440 கிலோ குறைந்து 360 மட்டுமே மிஞ்சும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, இங்கே 400 கிலோ, முன்சக்கரங்களில் இருந்தால்தான் திருப்பிய பக்கம் திரும்பும் என்பது பொது விதி. சமதரையிலேயே இந்நிலை என்றால், கரையேறும்போது முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போகும். பின்பாரத்தில் டிராக்டர் சறுக்குகிறது. முன்பாரத்தில் திரும்ப மறுக்கிறது. மாட்டின் கழுத்துக்குச் சொன்னது இரும்புக்கும் பொருந்துகிறது.

வைக்கோல் ஏற்றுவோர் தனியே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வைக்கோல் கட்டுகள் எடையில் இலேசு. ஆனால் உயரத்தில் நெல்லைப்போல் இருமடங்கு போகும். உயரம் கூடக்கூட, மேட்டில் மையம் பின்னுக்குச் சாயும் தூரமும், வளைவில் வண்டி பக்கவாட்டில் சாயும் அபாயமும் கூடும். எடைமேடைச் சீட்டில் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறலாகாது.

இனி அச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றி. 'ஐந்து டன் அச்சு' என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் இரும்புத் தண்டின் பருமனை வைத்துச் சொல்லும் வார்த்தை. தண்டு, அதன் முனையிலுள்ள கடைசல் பகுதி, பேரிங், ஹப்பு, சக்கரத்தைப் பிணைக்கும் போல்ட்டுகள், ஸ்பிரிங் பட்டைகள், ரிம், டயர் ஆகிய இவ்வளவும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. இவற்றில் எது மிகப் பலவீனமோ அதன் அளவே வண்டியின் அளவு. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பார எண்ணைப் பாருங்கள். 120 என்றிருந்தால் அந்த டயர் தாங்குவது 1,400 கிலோ. 140 என்றிருந்தால் 2,500 கிலோ. அதுவும் குறித்த காற்றழுத்தத்தில், குறித்த வேகத்திற்குள். மேற்கண்ட வண்டிக்கு 120 எண்ணுள்ள டயர் இரண்டைப் போட்டால் தாங்குவது 2,800 கிலோதான். தண்டு எத்தனை பருமனாயினும் பயனில்லை. ஒரகடத்தில் 2010 முதல் டயர் உற்பத்தி செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. டயர் பிறக்கும் ஊரில் வசிக்கும் நாம் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருப்பது வேடிக்கை.

தண்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பெட்டியின் பாரம் ஸ்பிரிங் அமர்ந்த இடத்தில் கீழ்நோக்கி அழுத்துகிறது. தரை, சக்கரத்தின் வழியாக மேல்நோக்கித் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே தண்டை வளைக்கும் நெம்புகோல். ஸ்பிரிங்கிலிருந்து சக்கரத்தின் நடு வரை 8 அங்குலம் இருந்த இடத்தில் 12 அங்குலமானால், அதே பாரத்தில் வளைக்கும் விசை ஒன்றரை மடங்காகும். பெட்டியை அகலமாக்கவேண்டுமென்று சக்கரங்களை வெளியே தள்ளி, ஸ்பிரிங்குகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. அங்கே ஐந்து டன் அச்சு ஐந்து டன் அச்சாக இராது. மேலும், இவ்வாறு வளையும் தண்டின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் நசுங்குகிறது. எனவே அடிப்பக்கத்தில் பற்றவைத்த தழும்பு ஒன்று இருந்தால், விரிசல் தொடங்குவது அங்கேதான். கழித்த லாரியிலிருந்து எடுத்த அச்சை விலை மலிவாகக் கொடுப்பார்கள். தண்டு பார்வைக்கு வலுவாகவே இருக்கும். பேரிங் அமரும் முனையில், பருமன் குறையும் வளைவில், மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. என் கருத்தில், சங்கப் பணத்தில் அதை வாங்குதல் கூடாது.

நம் வண்டியின் அச்சில் 4,350 கிலோ நிற்கும் என்று கண்டோம். மூட்டைகளைத் தவறாக அடுக்கினால் 4,660 வரை போகும். பள்ளமேடுகளில் சக்கரம் குதித்து விழும் அதிர்ச்சி வேறு. ஆதலால் ஐந்து டன் என்பது கீழெல்லை. ஆறு டன் அச்சும், அதற்கொத்த டயர்களும் கேட்பது வீண்செலவன்று.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் வரை செல்லும் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால், அச்சுகளைப் பற்றிய பாடம் முழுவதும் கண்முன்னே ஓடும். துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் வண்டிகளில் மூன்று அச்சுகள் நெருக்கமாகப் பின்கோடியில் இருப்பதைக் காண்பீர்கள். நம் டிரெய்லரில் அச்சு நடுவை ஒட்டியிருக்க, அவற்றில் ஏன் கோடியில் இருக்கிறது? அவற்றின் முன்பகுதி கொக்கியில் தொங்கவில்லை. இழுக்கும் வண்டியின் முதுகின்மேலேயே பாலத்தைப்போல் ஏறி அமர்ந்திருக்கிறது. பாரத்தில் ஒரு பெரும்பங்கைத் தாங்குவதற்கென்றே அந்த முதுகின்கீழ் வலுவான அச்சு இருக்கிறது. நம் டிராக்டருக்கு அத்தகைய முதுகு இல்லை. ஆலை வண்டியைப் பார்த்து அதேபோல் அச்சைப் பின்கோடியில் வைக்கச் சொல்வது, யானையின் அம்பாரியைக் கழுதைக்குக் கட்டுவதாகும்.

அந்தப் பெரிய வண்டிகளிலும் இடம் தவறினால் கேடுதான். ஆலைகளுக்கு வரும் எஃகுத் தகட்டுச் சுருள் 20 டன் எடையென்று கொள்வோம். முன் தாங்கலுக்கும் பின்னச்சுத் தொகுதியின் நடுவுக்கும் இடையே 8 மீட்டர். சுருளை நடுவில் வைத்தால் இருபுறமும் 10 டன். முன் தாங்கலிலிருந்து 2 மீட்டரில் வைத்தால் முன்னே 15 டன், பின்னே 5 டன். மொத்த எடை ஒரு கிலோவும் கூடவில்லை. ஆயினும் இழுக்கும் வண்டியின் அச்சு தன் எல்லையைத் தாண்டிவிடும். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு அச்சு எடைகளை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றையச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று. இரட்டையச்சுக்கு 19 டன் 21 ஆகவும், மூவச்சுக்கு 24 டன் 27 ஆகவும் கூடின. இரண்டு அச்சு சேர்ந்தால் 23 டன் இல்லை, 21 டன்தான் என்பதைக் கவனியுங்கள். நெருங்கி நிற்கும் அச்சுகள் ஒரே இடத்துச் சாலையை ஒன்றாக அழுத்துகின்றன.

எட்டு டன் டிரெய்லர் வேண்டுமென்று கேட்கும் சங்கங்களும் உள்ளன. அதற்கு இரட்டையச்சு வேண்டும். கணக்கில் இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளியையே அச்சின் இடமாகக் கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே பாரத்தைச் சமமாகப் பகிரும் ஆடுபிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிடில் வரப்பையோ வேகத்தடையையோ தாண்டும் கணத்தில், மேலேறிய ஓர் அச்சே முழுப்பாரத்தையும் சுமக்கும். எட்டு டன்னும் நான்கு டன் அச்சின் தலையில் விழும்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரில் 1958 முதல் 1960 வரை, தனியே சாலைகள் அமைத்து, அளந்த பாரத்துடன் லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பெரிய பரிசோதனை ஒன்று நடத்தினர். அச்சின் எடை கூடும்போது சாலைக்கு விளையும் சேதம், ஏறத்தாழ அவ்வெடையின் நான்காம் படியில் கூடுகிறது என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிவு. எடை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இருமடங்காகும். நம் ஊராட்சிச் சாலைகள் நெடுஞ்சாலைகளைப்போல் கனத்துப் போடப்பட்டவையல்ல. அறுவடை முடிந்தபின் அவற்றில் விழும் பள்ளங்களுக்கு மழையை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நிர்வாகக் குழுவினர் அவசியம் அறியவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடைக்குமேல் ஏற்றிச் செல்வது குற்றம். ஓட்டியவர் வண்டியின் உரிமையாளர் அல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின்பேரிலோ குற்றம் நடந்ததாக நீதிமன்றம் கருதிக்கொள்ள அதே பிரிவு இடமளிக்கிறது. உரிமையாளர் இங்கே சங்கம். 194-ஆவது பிரிவின்கீழ் அபராதம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், 20,000 ரூபாயும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். மிகைச் சுமையை இறக்கும் செலவும் நம்மையே சாரும். வாடகைக்கு எடுத்த அங்கத்தினர் ஏற்றினார், நாங்கள் அறியோம் என்று சொல்லித் தப்ப முடியாது. பதிவான வண்டியில் விவரங்கள் மாறும்படி மாற்றம் செய்வதற்கு 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது; ஆகவே அச்சைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் வாங்குவதும் சரியன்று.

வண்டி வந்ததும் சோதிப்பது எப்படி? அருகிலுள்ள எடைமேடையே போதும். சுமையுடன் டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்து ஒருமுறை நிறுங்கள். பிறகு டிராக்டரை மேடைக்கு முன்னால் அதே மட்டத்தில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றாமல், டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒருமுறை நிறுங்கள். கடைசியில் டிராக்டரைத் தனியே நிறுங்கள். முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது கொக்கியின் பாரம். உதாரணமாக, சேர்த்து 7,000, டிரெய்லர் சக்கரங்கள் 4,350, டிராக்டர் 2,000 என்றால் கொக்கியில் 650. கழித்து வருவது பூஜ்யமாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தால், வண்டியை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். மூன்று சீட்டுகளையும் கொள்முதல் கோப்பில் வைத்தால் தணிக்கையாளரும் மகிழ்வார்.

விலைப்புள்ளி கோரும் கடிதத்தில், கொள்ளளவுடன், கொக்கியிலிருந்து அச்சு வரையுள்ள தூரம், கொக்கியில் நிற்கும் பாரம், அச்சின் அளவும் அதற்குரிய வேகமும், ஸ்பிரிங்கிலிருந்து சக்கர நடு வரையுள்ள தூரம், டயரின் பார எண் ஆகியவற்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் பட்டறையின் விலை எவ்வளவு குறைவாயினும் அதை ஒப்பிட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் சங்கத்தார், நூல் மூட்டைகளையும் துணிக்கட்டுகளையும் ஏற்றச் சிறு இழுவை வண்டிகள் வாங்கும்போதும் கேட்கவேண்டியவை இவையே. எண்கள் சிறியவை, கணக்கு அதுவே.

தொடக்கத்தில் கூறிய சங்கத்தின் வண்டிக்கு, பதிவு அலுவலகத்தின் அனுமதி பெற்று, அச்சை ஒன்றரை அடி பின்னுக்கு மாற்றினார்கள். மாற்றியபின் மூன்று முறை நிறுத்தபோது கொக்கியில் 640 கிலோ நின்றது. காலி வண்டியை இப்பொழுது ஓர் ஆள் தூக்கி மாட்ட முடிவதில்லை. அதற்காக ஏர்க்காலில் ஒரு ஜாக்கிக் கால் பொருத்தியிருக்கிறார்கள். அதைத் தினமும் சுற்றவேண்டியிருக்கிறதென்று ஓட்டுநர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பின்னோரத்தில் பெட்டியின் உட்பக்கம் சிவப்புக் கோடொன்று தீட்டி, அதற்குப் பின்னால் இரண்டாம் அடுக்கு ஏற்றலாகாது என்று எழுதியதும் அவரேதான்.